தன்னை எண்ணாத கணக்கு

ஆற்றைக் கடந்து அக்கரை ஏறிய பரமார்த்த குருவும் அவர்தம் சீடர் ஐவரும், தம்முள் எவரேனும் நீரோடு போயினரோ என ஐயுற்றுத் தலைகளை எண்ணிய கதையை நம்முள் அறியாதார் இலர். எண்ணியவர் ஒவ்வொருவரும் எதிரே நின்றோரை எண்ணினார். தம்மை எண்ண மறந்தார். அறுவர் ஐவராயினர். ஆற்றில் போகாத ஓர் உயிருக்காக அனைவரும் அழுது புலம்பினர். வழிப்போக்கன் ஒருவன் வந்து, ஒவ்வொருவர் முதுகிலும் தன் கோலால் ஓர் அடி வைத்து, அடி பெற்றவர் தம் பெயரைத் தாமே சொல்லுமாறு செய்தபோதுதான் கணக்கு நேராயிற்று.

இக்கதையை எழுதிய வீரமாமுனிவர் 1680இல் இத்தாலியில் பிறந்தவர். இயேசு சபைக் குரு. விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பியவர் என்ற முறையில் அவர் நம் உயர்மறைமாவட்டத்தின் மண்ணுக்கும் உரியவர். பேச்சுத் தமிழைக் கற்க விழைந்த பிற நாட்டுக் குருக்களுக்கென அவர் எழுதிய இந்நூல், 1822இல் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சேறியது. தாமே குருவாயிருந்தவர் ஒரு குருவையே நகைப்பொருளாக்கினார் என்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அவர் தம்மையும் எண்ணிய பின்பே பிறரை எண்ணினார்.

பழைய நகைச்சுவை நாடகமொன்றைக் கள்ளக்குறிச்சியில் மீண்டும் மேடையேற்றப் புகுந்தபோது நாமும் சீடரைப் போலவே எண்ணினோம். அக்கணக்கு எங்கே பிழைத்தது என்பதைச் சொல்ல வேண்டுமாயின், அந்நாடகத்தின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு சபாபதிகள்

1891ஆம் ஆண்டு பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த கிருஷ்ணமாச்சார்லுவின் நாடகக் குழு, பதினெட்டு வயது இளைஞர் ஒருவரின் வாழ்வைத் திசைதிருப்பியது. அவ்விளைஞரே பம்மல் சம்பந்த முதலியார். அதே ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் அவர் நண்பர் சிலரோடு சேர்ந்து சுகுண விலாச சபையை நிறுவினார். நாடகம் ஆடுவோரைக் 'கூத்தாடிகள்' என்று கற்றோர் ஒதுக்கிய காலம் அது. வழக்கறிஞரும் அலுவலரும் பொழுதுபோக்காக ஆடும் சபை ஒன்று எழுந்ததும் அவ்விழிவு மெல்லத் தேய்ந்தது. பின்னாளில் தேசியத் தலைவராய் விளங்கிய சத்தியமூர்த்தியும் அச்சபையின் மேடையில் நடித்தவரே. சம்பந்தனார் சிறு வழக்கு நீதிமன்றத்தின் நீதிபதியாகவும் பணியாற்றினார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். 1959இல் பத்மபூஷண் விருது பெற்று, 1964இல் மறைந்தார். விடிய விடியப் பாட்டாகவே நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடங்கும் உரைநடை நாடகமாக்கிய பெருமையில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

அவர் எழுதிய நாடகங்களுள் மக்கள் நாவில் இன்றும் நிற்பது 'சபாபதி' என்னும் பிரகசனம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோன்றிய இந்நகைச்சுவை ஒரு நாடகத்தோடு நிற்கவில்லை. பொங்கல் பண்டிகை, நாடக ஒத்திகை, பேசும்படம் என அக்கால நகர வாழ்வின் ஒவ்வொரு புதுமையிலும் பழமையிலும் அதே சபாபதியைப் புகுத்திப் பல பாகங்களாக எழுதினார் ஆசிரியர். 1941இல் ஏ. வி. மெய்யப்பனும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் இதனைத் திரைப்படமாக்கினர். டி. ஆர். இராமச்சந்திரன் செல்வர் வீட்டுப் பிள்ளையாகவும், காளி என். இரத்தினம் அவருடைய வேலைக்காரனாகவும் நடித்த அப்படம் இன்றளவும் பார்க்கப்படுகிறது.

கதை எளியது. பள்ளித் தேர்வில் தேறாத செல்வர் மகன் ஒருவன். அவனுக்கு ஏற்ற ஏவலாள் ஒருவன். ஏவலாள், சொன்னதைச் சொன்னவாறே செய்பவன். சொல்லின் பொருள் அவனுக்குப் பிடிபடுவதில்லை. எசமானனோ தான் சொல்வது இன்னதென்றே அறியாதவன். கல்வி கற்ற மனைவி சிவகாமு வந்து கணவனுக்குப் பாடம் சொல்லித் தேற வைக்கிறாள். இவ்வளவே திரைக்கதையின் சுருக்கம். ஆயினும் இதன் உயிர்நிலை ஒரு சிறு குறிப்பில் ஒளிந்திருக்கிறது. எசமானன் பெயரும் சபாபதி. ஏவலாளின் பெயரும் சபாபதி.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனிடமாக அது பிறக்கும் என்றார். பிறர் கொளுத்தியதைப் பற்றிக்கொண்டு விடாதிருப்பது மடன் என்பது உரை மரபு. வேலைக்காரச் சபாபதி அம்மடனுக்கு இலக்கணம். அறியாமையாகிய பேதைமைக்கு எசமானச் சபாபதி இலக்கணம். முன்னவனைப் பார்த்துச் சிரிக்கும் அவையோர், ஒரே பெயரால் கட்டுண்ட பின்னவனைப் பார்த்தும் சிரித்தே தீர வேண்டும். 'சபாபதி' என்று அழைத்தால் இருவரும் திரும்பிப் பார்ப்பர். செல்வமும் வறுமையும் ஆடையில்தான். அறியாமை இருவருக்கும் பொது. நீதிபதியாயிருந்த ஆசிரியர், தீர்ப்பை இவ்வாறு பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்.

ஏவலாளின் வழிமரபு

வேலைக்காரனை மேடையில் நிறுத்தி எசமானனை அளப்பது உலக நாடகத்தின் பழைய உத்தி. உரோமானியரின் இன்பியல் நாடகங்களில் அடிமையே பெரும்பாலும் அறிவாளி. அவ்வழியில் வந்த பிரெஞ்சு நாடக மேதை மோலியேர் 1671இல் அரங்கேற்றிய நாடகமொன்றில், ஸ்காப்பென் என்னும் ஏவலாள் தன்மீது பழி சுமத்திய கிழவரைக் கோணிப்பையில் புகச் செய்து, எதிரிகள் அடிப்பதாகப் பாசாங்கு காட்டித் தானே அடிக்கிறான். அந்நாடகத்தையும் 'காளப்பன் கள்ளத்தனம்' என்னும் பெயரில் தமிழுக்குத் தந்தவர் சம்பந்த முதலியாரே. சூழ்ச்சிக்காரக் காளப்பனையும் வெகுளிச் சபாபதியையும் ஒரு கையே எழுதியது. இருவராலும் வெளிப்படுவது எசமானரின் வெறுமையே.

மோலியேரின் பெயரை எடுத்தபின் நம் திருச்சபையின் வரலாற்றில் மறைக்க வேண்டாத ஒரு பக்கத்தையும் நினைவுகூர வேண்டும். பக்தி வேடமிட்டுக் குடும்பமொன்றைச் சுரண்டும் போலியை அவர் 1664இல் 'தார்த்தூஃப்' என்னும் நாடகத்தில் காட்டினார். அந்நாடகம் தடைசெய்யப்பட்டது. 1667இல் பாரிசுப் பேராயர், அதனைக் காண்போரும் படிப்போரும் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என எச்சரித்தார். 1669இல்தான் அது தடையின்றி மேடையேறியது. 1673இல் மோலியேர் இறந்தபோது, நடிகர் என்பதால் கிறித்தவ அடக்கம் மறுக்கப்பட்டு, அரசர் தலையிட்டபின் இரவில் அடக்கம் செய்யப்பட்டார். போலியைச் சுட்டிய நகைப்பைப் பக்தியைச் சுட்டியதாகக் கொண்டனர் அன்றைய பெரியோர். தம்மைப் பற்றிய சிரிப்பைத் தாங்கவியலாத இடத்தில் நகைச்சுவை வளராது என்பதற்கு இஃதொரு சான்று.

அயல்நாட்டுக்குப் போவானேன்? பாரதக் கூத்து நடக்கும் நம் வட்டாரச் சிற்றூர்களில் கட்டியக்காரனைக் காணாதார் யார்? அரசன் திரைக்குப் பின் நிற்க, அவன் வருகையைக் கூறுபவன் கட்டியக்காரன். திரை விலகியதும், 'நீர் யார், எந்த ஊர், என்ன பேர்' என்று அரசனையே கேட்பவனும் அவனே. காவலன், தூதன், ஏவலன் என எவ்வேடம் வேண்டினும் அவனே ஏற்பான். துரியோதனன் அவையில் நின்றுகொண்டு, மழை பொய்த்ததையும் கரும்புக்கு விலை கிடையாததையும் பேசுவான். அரசனின் முடியைப் பார்த்து அவன் நகைக்கும்போது ஊரே நகைக்கும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரும் நகைப்பார். கூத்து தன் அவையோருக்கு அளித்த பயிற்சி இது. சிரிப்பு கீழிருந்து மேல்நோக்கிச் செல்லும். மேலிருப்பவர் அதனை ஏற்றுத் தாமும் சிரிப்பார். எள்ளல் என்பது தான் பிறரை எள்ளி நகுதல் மட்டுமன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதலும் ஆகும் என உரையாசிரியர் பேராசிரியர் விரித்ததன் நுட்பம், கட்டியக்காரன் முன் அமர்ந்தவர்க்கு எளிதில் விளங்கும்.

நாம் செய்த திருத்தம்

இவ்வளவும் அறிந்திருந்தும் நாம் பிழைத்தோம். 2023ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்காகப் பங்கு இளைஞர், சபாபதியைப் புதுக்கி நடிக்க விரும்பி எம்மிடம் வந்தனர். நூற்றாண்டுப் பழமையான நகைச்சுவை இன்றைய இளைஞரைச் சிரிக்க வைக்குமா என்பது அவர்தம் கவலை. அக்கவலை நியாயமானதே. அக்காலத்து ஆங்கிலப் படிப்பு மோகமும், மைனர் உடையும், தமிழாசிரியரைக் கேலி செய்யும் காட்சிகளும் இன்று விளக்கவுரை வேண்டுவன. ஆகவே சில திருத்தங்கள் செய்தோம். எசமானன் ஆங்கிலவழிப் பள்ளியில் பயின்றும் இரு மொழியும் வாராத நகரச் செல்வர் மகனானான். கடிதம் கைப்பேசியாயிற்று. இவை பொருந்தின; சிரிப்பும் எழுந்தது.

ஆனால் வேலைக்காரனை 'நம் ஊருக்கு ஏற்ப' அமைக்க வேண்டும் என்ற ஆசையில் அவனைக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவனாக்கினோம். தோளில் கடுக்காய் மூட்டை. நாவில் மலைப் பேச்சைப் போலி செய்த ஓர் இழுவை. இருவருக்கும் ஒரே பெயர் இருந்தால் இக்கால அவையோர் குழம்புவர் என்று கருதி, வேலைக்காரனின் பெயரையும் நீக்கினோம். மேடையில் எல்லோரும் அவனை 'ஏய் மலை' என்றே விளித்தனர். இவ்வாலோசனை எம்முடையது, இளைஞர் மேல் ஏற்றிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

அரங்கு அதிர்ந்தது. முன்வரிசையில், மலையிலிருந்து வந்து நகர விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர் சிலர் அமர்ந்திருந்தனர். அவர்கள் சிரிக்கவில்லை, தலை குனியவும் இல்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தனர். நாடகம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும் வேளையில், பன்னிரண்டாம் வகுப்பில் பயின்ற ஒருவன் எம்மிடம் வந்து, கோபம் ஏதுமின்றி ஒன்றே கேட்டான்: "சார், அந்த வேலைக்காரனுக்கு ஏன் பேரு வைக்கல?"

அவ்வேளையில் யாம் விடை கூறவில்லை. வீடு திரும்பி மூல நாடகத்தை எடுத்துப் புரட்டியபோது, வழிப்போக்கனின் கோல் நம் முதுகில் விழுந்ததை உணர்ந்தோம். ஆசிரியர் வைத்த பெயரை அன்றோ நாம் எடுத்துவிட்டோம்! அப்பெயரோடு, எசமானனையும் அவையோரையும் ஏவலாளோடு ஒரு கணக்கில் சேர்த்த முடிச்சும் அவிழ்ந்துபோயிற்று. எஞ்சியது நகைச்சுவையன்று, ஏளனம்.

மலையின் பக்கம்

கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினர் தம்மை மலையாளிகள் என்பர். அச்சொல் அங்கே மலையை ஆள்வோர் என்னும் பொருளது. கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. காஞ்சியிலிருந்து வந்து குடியேறியோர் என்பது அவர்தம் மரபு வழக்கு. அவர்கள் பேசுவதும் தமிழே. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆன பின்னும், 1976ஆம் ஆண்டு வரை இம்மலை ஜாகீர்தார்களின் பிடியிலேயே இருந்தது. கூலியின்றி உழைக்கும் கட்டாயம் அம்மக்களின் தலைமேல் கிடந்தது. அதாவது, நாம் மேடையில் வேடிக்கைக்காகப் புனைந்த 'பெயரில்லா ஏவலாள்' அம்மலையில் உண்மையாகவே வாழ்ந்தவன். அம்மாணவனின் பாட்டனார் காலத்து வாழ்வை நாம் அவன் முன்னிலையிலேயே சிரிப்புக்கு ஆக்கினோம்.

'விளையாட்டுக்குத்தானே' என்று நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். சொல்லியும் பார்த்தோம். அவ்வாறுதல் ஆறு திங்களே நிலைத்தது. 2024 சூன் திங்களில் நச்சுச் சாராயத்தால் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கருணாபுரத்தின் தெருக்களில் வீட்டுக்கு வீடு அழுகுரல் கேட்ட நாட்கள் அவை. அதன்பின் ஒருமுறை வெளியூர்ப் பேருந்தில், எந்த ஊர் என வினவிய சகபயணிக்கு 'கள்ளக்குறிச்சி' என விடை பகர்ந்தோம். அவர் தம் கையைக் கிண்ணம்போல் குவித்து வாயருகே கொண்டுபோய்ச் சிரித்தார். தீய எண்ணம் கொண்டவராகத் தெரியவில்லை. அவருக்கும் அது விளையாட்டுத்தான். நாமோ மறுமொழியின்றிச் சன்னலுக்கு வெளியே பார்த்தோம். மலை மாணவர் மேடையைப் பார்த்திருந்த பார்வை எத்தகையது என்பது அப்போது விளங்கிற்று. ஓர் ஊரின் பெயரே ஏளனமாகும்போது அதனுள் வாழும் ஒவ்வொருவரும் பெயரிழந்தவர் ஆகின்றனர்.

தவக்காலம்தோறும் நம் பங்குகளில் ஆண்டவரின் பாடுகளை நடித்துக் காட்டுகிறோம். படைவீரர் அவருக்குச் செந்நிற ஆடை போர்த்தி, முள்முடி சூட்டி, கையில் ஒரு கோலைக் கொடுத்து, மண்டியிட்டு அரசே என வாழ்த்தும் காட்சியில் பெண்கள் தேம்பி அழுவர். அக்காட்சியும் ஒரு நகைச்சுவை நாடகமே. அதனை அமைத்தவர் வீரர், அவையோரும் வீரர், ஒருவர் மட்டும் வேடமிடப்பட்டவர். வலியோர் தம்மை எண்ணாது, எளியவர் ஒருவரை நடுவில் நிறுத்திச் சிரிக்கும் சிரிப்பின் முழு வடிவம் அது. அங்கே அழத் தெரிந்த நாம் இங்கே சிரித்தோம்.

திருமறை, சிரிப்புக்குப் பகையன்று. முதிய வயதில் மகனைப் பெற்ற சாரா, கடவுள் தனக்குச் சிரிப்பை அளித்தார் என மகிழ்ந்தாள். ஈசாக்கு என்னும் பெயரின் பொருளும் சிரிப்பே. ஆயின் அவள் முதலில் சிரித்தது தன்னை நோக்கி, தன் முதுமையை நோக்கி. அதனாலேயே அச்சிரிப்பு அருளாக மாறியது எனலாம்.

மீண்டும் மேடையில்

2024 கிறிஸ்து பிறப்பு விழாவில் அதே நாடகத்தை மீண்டும் நடிக்க வேண்டும் என இளைஞரை நாமே வேண்டினோம். இம்முறை திருத்தங்களுள் பெரும்பாலானவை நிலைத்தன. கைப்பேசி இருந்தது, ஆங்கிலவழிப் பள்ளி இருந்தது. கடுக்காய் மூட்டையும் போலி இழுவையும் நீங்கின. வேலைக்காரன் எந்த ஊரான் என்ற குறிப்பே இல்லை. அவனுக்கு அவனது பெயர் திரும்பக் கிடைத்தது.

குழப்பம் வரும் என நாம் அஞ்சிய இடத்தில்தான் சிரிப்பு மிகுந்தது. 'சபாபதி!' என்று தந்தையார் உரக்க அழைக்க, இருவரும் ஒருங்கே ஓடிவந்து முட்டிக்கொண்டபோது அரங்கில் சிறு பிள்ளைகள் துள்ளினர். தேர்வில் தவறியவன் யார் என்று தந்தை வினவ, இருவரும் ஒருவரை ஒருவர் சுட்டியபோது பெற்றோர் வரிசையில் எழுந்த சிரிப்பில் சிறிது நாணமும் கலந்திருந்தது. ஆங்கிலவழிப் பள்ளியின் கட்டண இரசீதை எடுத்துக்கொண்டு வந்தோர் அவர்களுள் பலர். நூற்றாண்டுக்கு முன் சம்பந்த முதலியார் எண்ணியவாறே கணக்கு நேராயிற்று.

பழைய நாடகங்களைப் புதுக்குவோர்க்கு நம் பட்டறிவிலிருந்து ஒன்றே சொல்வோம். உடையை மாற்றலாம், கருவிகளை மாற்றலாம், விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாக்கலாம். ஆயின் அந்நாடகத்தில் சிரிப்பு எவரிடத்துத் தொடங்கி எவரிடத்துச் சென்று முடிகிறது என்பதை மட்டும் அறியாது மாற்றலாகாது. அது மாறின், பெயர் ஒன்றாயிருப்பினும் நாடகம் வேறு.

விழா முடிந்ததும் முன்வரிசையை நோக்கினோம். விடுதி மாணவர் இம்முறையும் வந்திருந்தனர்; சிரித்துப் பேசியவாறு வெளியேறினர். வினா எழுப்பிய மாணவன் அவர்களுள் இல்லை. பள்ளிப் படிப்பை முடித்து அவன் மலைக்குத் திரும்பிப் பல திங்கள் ஆகியிருந்தன. அவன் கேட்ட கேள்விக்கு விடை மேடையில் கிடைத்ததை அவன் காணவில்லை. அவனுடைய பெயரை நாமும் அன்று கேட்டு வைக்கவில்லை.